ஜம்பர் சொல்வதும் மீட்டர் காட்டுவதும்

1990களின் நடுவிலிருந்து 2000 வரை வெளிவந்த சாக்கெட் 7 மதர்போர்டுகளில், புராசஸருக்கு எத்தனை வோல்ட் போக வேண்டும் என்பதை முடிவு செய்பவர் அதைப் பொருத்துகிறவர்தான். பின்னாளில் வந்த போர்டுகள் தேவையான அளவைச் சிப்பிடமே கேட்டுத் தெரிந்துகொண்டன. சாக்கெட் 7 போர்டு பெரும்பாலும் கையால் வைத்த ஜம்பரையே நம்பியது. அதனால் பழைய கணினி ஒன்றை மீட்டெடுக்க உட்காருகிறவர் முதலில் தேடுவது ஜம்பர் அட்டவணையைத்தான். அட்டவணை கிடைத்ததும் ஜம்பரை மாற்றி, சிப்பைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டுவிடுகிறார். இந்த அத்தியாயம் அந்த வரிசையை மாற்றச் சொல்கிறது. ஜம்பர் என்பது ரெகுலேட்டருக்கு நாம் கொடுக்கும் விண்ணப்பம் மட்டுமே. அது நிறைவேறியதா என்பதை, கால் நூற்றாண்டு கடந்த ஒரு போர்டில், மீட்டர்தான் சொல்ல முடியும். ஆகவே முதலில் அளவு, பிறகு சிப். அளந்து வைத்த பிறகும், அந்தச் சிப் பிழையில்லாமல் ஓடக்கூடிய அளவுகளில் குறைந்ததையே தேர்ந்தெடுக்க வேண்டும். இவ்விரண்டையும் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதற்கான காரணங்கள் அந்தப் போர்டுகளின் மின்சுற்றிலேயே இருக்கின்றன.

இத்தனை விதமான மின்னழுத்தங்கள் வந்ததற்குக் காரணம் டிரான்சிஸ்டர் சிறுத்துக்கொண்டே போனதுதான். தொடக்ககால 486 சிப்புகளும், 1993இல் வந்த 60, 66 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் 5 வோல்ட்டில் ஓடின. டிரான்சிஸ்டர் சிறுத்தபோது அதன் காப்புப் படலமும் மெலிந்தது. 5 வோல்ட்டை அதனால் தாங்க முடியவில்லை. அடுத்த தலைமுறைப் பென்டியமும் 486டிஎக்ஸ்4-உம் 3.3 வோல்ட் அளவுக்கு இறங்கின. 1997 ஜனவரியில் பென்டியம் எம்எம்எக்ஸ் வந்தபோது சிப்புக்குள் இரண்டு மின்னழுத்தங்கள் ஆயின: கணக்குப் போடும் கோர் பகுதிக்கு 2.8, வெளியுலகோடு பேசும் ஐ.ஓ. பகுதிக்கு 3.3. அதே ஆண்டு வந்த ஏஎம்டி கே6, 166, 200 மெகாஹெர்ட்ஸ் வடிவங்களில் 2.9 வோல்ட்டும், 233இல் 3.2 வோல்ட்டும் கேட்டது. சைரிக்ஸ் 6x86எம்எக்ஸ் கேட்டது 2.9. 1998இல் வந்த கே6-2 பெரும்பாலும் 2.2 வோல்ட், அதன் வேகமான சில வடிவங்கள் 2.4. 2000இல் வந்த கே6-2 பிளஸ், கே6-3 பிளஸ் இரண்டும் 2.0. ஒரே துளையில் பொருந்தும் பல பொருள்கள் இருந்தால் குழப்பம் வருவது இயல்பு. ஒரே சாக்கெட், ஒரே உருவம், ஆனால் தேவையான மின்னழுத்தம் 2.0இலிருந்து 3.5 வரை.

ஆகவே வேலை சிப்பின் முதுகைப் படிப்பதில் தொடங்குகிறது. ஏஎம்டி இதில் மிகத் தெளிவாக நடந்துகொண்டது. கே6-2 சிப்பின் மேல் கோர் எவ்வளவு, ஐ.ஓ. எவ்வளவு என்று அச்சிட்டே இருக்கும். அச்சு தேய்ந்து போயிருந்தாலும் வேக எண்ணை அடுத்து வரும் மூன்று எழுத்துகளில் நடுவெழுத்தைப் பார்த்தால் போதும். எஃப் என்றால் 2.2, ஜி என்றால் 2.3, ஹெச் என்றால் 2.4, எல் என்றால் 2.9, என் என்றால் 3.2, சி என்றால் 2.0. இதனால்தான் 450ஏஹெச்எக்ஸ் என்ற சிப்புக்கு 2.4 வோல்ட்டும், அதைவிட வேகமான 500ஏஎஃப்எக்ஸ் சிப்புக்கு 2.2 வோல்ட்டும் வைக்க வேண்டியிருக்கிறது. வேகம் கூடினால் மின்னழுத்தமும் கூடும் என்று ஊகித்து ஜம்பர் வைப்பவர் இங்கே தவறிவிடுவார். எம்எம்எக்ஸ் அல்லாத பென்டியத்தில் எஸ்-ஸ்பெக் எனப்படும் அடையாள எண்ணை அடுத்து ஒரு சாய்கோடும் மூன்று எழுத்துகளும் இருந்தால், அந்த மூன்றில் முதலெழுத்து எஸ் என்பது வழக்கமான மின்னழுத்தத்தையும், வி என்பது 3.4 முதல் 3.6 வரையிலான சற்று உயர்ந்த வரம்பையும் குறிக்கும். பழைய வெப்பப் பசை எழுத்தை மறைத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைக்க வேண்டும். சுரண்டினால் எழுத்தும் போய்விடும்.

சிப் என்ன கேட்கிறது என்று தெரிந்தபின், போர்டு அதை எப்படித் தருகிறது என்பதற்கு வருவோம். இரண்டு வகை ரெகுலேட்டர்கள் உண்டு. பிற்காலப் போர்டுகளில் இருப்பது ஸ்விட்சிங் வகை: ஒரு கன்ட்ரோலர் ஐசி, இரண்டு மாஸ்ஃபெட், செம்புக் கம்பி சுற்றிய ஒரு வளையம். அந்தக் கன்ட்ரோலர்கள் பலவும் இன்டெல் வகுத்த ஐந்து பிட் குறியீட்டைப் பின்பற்றின. போர்டு தயாரிப்பாளர் அவற்றில் நான்கு பிட்களை ஜம்பராக வெளியே கொடுத்தார். அந்த நான்கும் முறையே 0.1, 0.2, 0.4, 0.8 வோல்ட்டைக் குறிக்கின்றன. போட்ட ஜம்பர்களின் மதிப்பைக் கூட்டி 2.0-ஓடு சேர்த்தால் வெளிவரும் மின்னழுத்தம் கிடைக்கும். 0.2 மட்டும் போட்டால் 2.2. 0.8 மட்டும் போட்டால் 2.8. அதோடு 0.4-உம் சேர்ந்தால் 3.2. நான்கையும் போட்டால் 3.5. ஒன்றுமே போடாவிட்டால் சில கன்ட்ரோலர்கள் 2.0 தரும், மற்றவை சிப் இல்லை என்று எண்ணி அணைந்துவிடும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் பல புதிர்கள் அவிழ்கின்றன. ஒரு மதர்போர்டின் கையேடு 2.8, 2.9, 3.2 என்று மூன்று அமைப்புகளை மட்டும் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் போர்டு 2.2 தராது என்று அதற்குப் பொருளல்ல. கையேடு அச்சான நாளில் சந்தையில் இருந்த சிப்புகள் அவ்வளவுதான் என்று மட்டுமே பொருள். பதினாறு சேர்க்கைகளையும் ஒவ்வொன்றாக வைத்து அளந்தால் போர்டின் முழு வீச்சும் தெரிந்துவிடும்.

முற்காலப் போர்டுகளில் இருப்பது லீனியர் வகை. ஹீட்சிங்கோடு நிற்கும் மூன்று கால் ஐசி ஒன்று, 5 வோல்ட்டை வாங்கி, தேவையானதைக் கொடுத்து, மிச்சத்தை வெப்பமாக வெளியேற்றுகிறது. எல்டி1084, 1085 போன்ற ஐசிகளுக்குள் 1.25 வோல்ட் மேற்கோள் அளவு ஒன்று இருக்கிறது. வெளியே உள்ள இரண்டு மின்தடைகளின் விகிதம் அதைப் பெருக்கி வெளியீட்டைத் தீர்மானிக்கிறது. ஜம்பர் செய்வது கீழ்ப்பக்க மின்தடையை மாற்றுவது மட்டுமே. இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கீழ்ப்பக்க மின்தடை கூடக் கூட வெளியீடும் கூடும். ஆகவே இந்த வகைப் போர்டில் ஒரு ஜம்பர் கழன்றாலோ, அதன் உள் உலோகம் துருப்பிடித்துத் தொடுப்பு விட்டாலோ, மின்னழுத்தம் மேலே போகும், குறையாது. முன்பு சொன்ன குறியீட்டு வகையில் ஒரு ஜம்பர் தொடுப்பு விட்டால் அதன் மதிப்பு கழிந்து மின்னழுத்தம் குறையும்; கணினி ஓடாது, அவ்வளவுதான். ஒரே மாதிரித் தெரியும் ஜம்பர், ஒன்றில் சிப்பைப் பட்டினி போடுகிறது, மற்றொன்றில் எரிக்கிறது. எந்த வகைப் போர்டு என்று அறியாமல் ஜம்பரைத் தொடக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அளக்கும் முறைக்கு வருவோம். சாக்கெட் காலியாக இருக்கட்டும். பவர் சப்ளையைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட் 7 பின் வரைபடத்தைப் பார்த்து கோர் மின்னழுத்தம் வரும் துளை ஒன்றைக் கண்டுபிடியுங்கள். மீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து, அந்தத் துளையோடு நேரடி இணைப்புள்ள, எளிதில் பிடிக்கக்கூடிய ஓரிடத்தைத் தேடுங்கள். எல்டி1084 வகையில் ஐசியின் உலோக முதுகே வெளியீடு. மாஸ்ஃபெட்டில் அப்படியல்ல, மேல்பக்க மாஸ்ஃபெட்டின் முதுகில் வருவது 5 வோல்ட் உள்ளீடு. உருவம் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்விட்சிங் வகையில் செம்புச் சுருளின் சாக்கெட் பக்க முனையைத்தான் அளக்க வேண்டும். கண்டுபிடித்த இடத்தில் சிவப்பு முனையை ஒரு சிறிய கிளிப்பால் மாட்டுங்கள். கறுப்பு முனையை ஹார்டு டிஸ்க் இணைப்பியின் கறுப்புக் கம்பியில் மாட்டுங்கள். அதற்குப் பிறகே மின்சாரம். ஓடும் போர்டில் கையால் முனையைப் பிடித்து அளந்தால், ஒரு மில்லிமீட்டர் வழுக்கினாலும் 5 வோல்ட்டும் கோர் இணைப்பும் ஒன்றாகிவிடும்.

காலிச் சாக்கெட்டில் சரியான அளவு வந்தாலும் வேலை முடியவில்லை. சுமை ஏறும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் அரிய கே6-3 பிளஸ் சிப்பைப் பொருத்தாமல், இன்றும் தாராளமாகக் கிடைக்கும் பென்டியம் எம்எம்எக்ஸ் ஒன்றை 2.8இல் வைத்துச் சோதியுங்கள். எம்எம்எக்ஸ் அல்லாத பழைய பென்டியம் இதற்கு உதவாது. அதற்குள் எல்லா மின்பின்களும் ஒரே இணைப்பு என்பதால், இரட்டை மின்னழுத்தத்தில் அமைத்த போர்டில் 2.8-உம் 3.3-உம் சிப்புக்குள்ளேயே மோதிக்கொள்ளும். எம்எம்எக்ஸ் சிப்புக்கு இன்டெல் அனுமதித்த வரம்பு 2.7 முதல் 2.9 வரை. முழுச் சுமையிலும் மீட்டர் அந்த வரம்புக்குள் நின்றால் ரெகுலேட்டரை நம்பலாம்.

உற்பத்தியாளரே கொடுத்த அட்டவணை இருக்கும்போது இத்தனை அளவெடுப்பு எதற்கு என்று கேட்கலாம். அட்டவணை பொய் சொல்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது புதிய போர்டையும், அந்தக் காலத்துப் பவர் சப்ளையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 3.52 வோல்ட் கேட்கும் ஏஎம்டி கே5 சிப்பை ஒரு லீனியர் போர்டில் வைப்பதாகக் கொள்வோம். எல்டி1084 வகை ஐசிக்கு, முழு மின்னோட்டத்தில், உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே 1.5 வோல்ட் வரை இடைவெளி தேவைப்படலாம். 5இலிருந்து 3.52 போனால் மிச்சம் 1.48, தொடக்கத்திலேயே விளிம்பில் நிற்கிறது. இப்போது கடைகளில் கிடைக்கும் பவர் சப்ளைகள் 12 வோல்ட் சுமையை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை. மலிவான வகைகளில் 5-உம் 12-உம் ஒரே கட்டுப்பாட்டில் இருப்பதால், 5 வோல்ட்டில் மட்டும் சுமை ஏற்றும் பழைய போர்டை மாட்டினால் 5 கீழே இறங்கும். விதிப்படி 4.75 வரை இறங்கலாம். அப்போது மிச்சம் 1.23தான், ஐசியால் 3.52-ஐத் தாங்கிப் பிடிக்க முடியாது. ஜம்பர் 3.5 என்கிறது, அட்டவணையும் 3.5 என்கிறது, சிப்புக்குப் போவதோ அதற்குக் கீழே. அட்டவணையை எத்தனை முறை படித்தாலும் இது தெரியவராது.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. கணினி தடுமாறினால் 0.1 வோல்ட் கூட்டிப் பார், பெரும்பாலும் சரியாகிவிடும் என்பார்கள். சரியாகத்தான் ஆகிறது, ஆனால் எது சரியானது என்று பார்க்க வேண்டும். புதிதாக இருந்தபோது 2.2 வோல்ட்டில் ஓடிய சிப், இன்று அதே 2.2இல் ஓடவில்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது முதலில் சிப்பை அல்ல, அதைச் சுற்றி நிற்கும் மின்தேக்கிகளை. எலெக்ட்ரோலிடிக் கப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல வற்றுகிறது, உள்தடை கூடுகிறது. சிப் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கும் கணத்தில் அவற்றால் கொடுக்க முடிவதில்லை. மின்னழுத்தம் மைக்ரோநொடி அளவில் பள்ளத்தில் விழுந்து எழுகிறது, கணினி உறைகிறது. சராசரியைக் காட்டும் மல்டிமீட்டரோ அசையாமல் 2.2 என்றே காட்டும். இங்கே மீட்டருக்கும் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளத்தைப் பார்க்க ஆஸிலோஸ்கோப் தேவை. அது இல்லாதவர் கண்ணால் பார்க்கலாம்: மேல்மூடி புடைத்திருக்கிறதா, அடியில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று. 1999ஐ ஒட்டியும் அதற்குப் பின்பும் வந்த போர்டுகளில் இது சர்வ சாதாரணம். 0.1 வோல்ட் கூட்டினால் பள்ளத்தின் அடிமட்டமும் 0.1 உயர்கிறது, அதனால் கணினி ஓடுகிறது. நோய் அப்படியே இருக்கிறது. சிப் அதன் விலையைக் கொடுக்கிறது. அதே திறனும் மின்னழுத்த வரம்பும் கொண்ட, உள்தடை குறைந்த வகை மின்தேக்கிகளை மாற்றுவதுதான் மருந்து. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கைப்பிடி வாங்கச் சில நூறு ரூபாய் ஆகலாம். ஆனால் சாதாரண வகையைக் கொடுத்தால் வாங்கக்கூடாது.

அன்றைக்கே எல்லோரும் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து ஓட்டினார்களே, எம்எம்எக்ஸ் சிப்பை 3.3இல் ஓட்டியவர்கள் உண்டே, ஒன்றும் ஆகவில்லையே என்பது மூன்றாவது வாதம். அன்றைய கணக்கு வேறு. ஒரு சிப் மூன்று ஆண்டு ஓடினால் போதும், அதற்குள் புதியது வந்துவிடும். இன்று அந்தச் சிப்புகளை யாரும் செய்வதில்லை. பழைய செராமிக் புராசஸர்களைத் தங்கத்துக்காக எடைக்கு வாங்கி உருக்குகிறார்கள். இருப்பது குறைந்துகொண்டேதான் போகும். வெப்பக் கணக்கும் சிறியதல்ல. சிப் செலவிடும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. 2.8-ஐ 3.3 ஆக்கினால் மின்னழுத்தம் 18 சதவீதம்தான் கூடுகிறது. மின்திறன் கிட்டத்தட்ட 39 சதவீதம் கூடுகிறது. வெப்பமும் மின்னழுத்தமும் சேர்ந்து உள் இணைப்புகளையும் காப்புப் படலத்தையும் தேய்க்கும் வேகம் அதைவிடக் கூடுதல். அந்தத் தேய்மானம் அன்றே தெரியாது. ஆகவே இன்று ஒன்றும் ஆகவில்லை என்பதைச் சான்றாக ஏற்க முடியாது.

குறைப்பதற்குச் சான்று இன்டெல்லிடமே இருக்கிறது. மேசைக் கணினிக்கு 2.8 வோல்ட்டில் விற்ற அதே பென்டியம் எம்எம்எக்ஸ் வடிவமைப்பை, மடிக்கணினிகளுக்கு 166 மெகாஹெர்ட்ஸ் வரை 2.45 வோல்ட்டில் விற்றது. அவை பொறுக்கி எடுத்த சிப்புகள், எல்லாச் சிப்பும் அப்படி ஓடாது என்று சொல்லலாம். அது நியாயமான ஐயம். அதனால்தான் ஒவ்வொரு சிப்பையும் தனியே சோதிக்க வேண்டும். ஒரு படி, அதாவது 0.1 வோல்ட் குறைத்து, மெம்டெஸ்ட்86 ஓட்டி, அதன்பின் பிரைம்95 அல்லது லினக்ஸ் கெர்னல் கம்பைல் போன்ற, கோரை இடைவிடாமல் வேலை வாங்கும் ஒன்றை இரவு முழுதும் ஓட்டுங்கள். மெம்டெஸ்ட் மட்டும் போதாது; அது நினைவகத்தைத்தான் அதிகம் சோதிக்கிறது. பிழை வரும் படியைக் கண்டதும் அங்கிருந்து இரண்டு படி மேலே நிறுத்துங்கள். 2.8 கேட்ட சிப் 2.5இல் நின்றால் ஐந்தில் ஒரு பங்கு வெப்பம் மிச்சம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. சிப்புக்கு நல்லது எல்லாம் லீனியர் ரெகுலேட்டருக்கு நல்லதல்ல. 2.8 வோல்ட்டில் 5.7 ஆம்பியர் இழுக்கும் 200 மெகாஹெர்ட்ஸ் எம்எம்எக்ஸ் சிப்புக்காக, ரெகுலேட்டர் மிச்சமுள்ள 2.2 வோல்ட்டைச் சுமந்து சுமார் 12.5 வாட் வெப்பமாக்குகிறது. அதே போர்டில் 2.2 வோல்ட்டில் 7 ஆம்பியர் இழுக்கும் கே6-2 ஒன்றை வைத்தால் ரெகுலேட்டர் சுமப்பது 2.8 வோல்ட், வெப்பம் சுமார் 19.6 வாட். மின்னழுத்தம் குறைந்த புதிய சிப் என்று நிம்மதியாக இருந்தால், சிறு ஹீட்சிங்கோடு நிற்கும் ஐசி கொதித்துக் கருகும். லீனியர் போர்டில் மின்னோட்டம் கூடிய சிப் வைப்பதானால் ரெகுலேட்டருக்கு விசிறி கட்டாயம். ஒரே சிப்பை அதே வேகத்தில் வைத்து மின்னழுத்தம் குறைப்பது வேறு. அங்கே மின்னோட்டமும் கூடவே குறைவதால் ரெகுலேட்டரின் சுமை பெரிதாக மாறாது.

லீனியர் போர்டு தரும் எந்த அமைப்பும் போதவில்லை என்றால் மின்தடையைக் கூட்டிப் பற்றவைக்கலாம். மேல்பக்க மின்தடை 100 ஓம், கீழ்ப்பக்கம் 124 ஓம் என்றால் வெளியீடு 2.8 வோல்ட். 2.0 வேண்டுமானால் கீழ்ப்பக்கம் 60 ஓம் ஆக வேண்டும். 124-க்கு இணையாக 120 ஓம் ஒன்றைச் சேர்த்தால் 61 ஓம் அளவும் 2.01 வோல்ட்டும் கிடைக்கும். கணக்கு எளிது, பற்றவைப்பில்தான் உயிர் இருக்கிறது. சேர்த்த மின்தடை ஒரு நாள் விட்டுப்போனால் வெளியீடு அதே நொடியில் 2.8-க்குத் தாவும், 2.0 வோல்ட் சிப்புக்கு அது மரண தண்டனை. ஆகவே மின்தடையின் கால்களைக் குட்டையாக வெட்டி, போர்டோடு ஒட்டிப் படுக்கவைத்துப் பற்றவைத்து, மேலே ஒரு சொட்டு எபாக்சி வைத்து அசையாமல் செய்யுங்கள். இதற்குக் கை பழகாதவர், சொந்த ரெகுலேட்டரோடு வந்த பவர்லீப் போன்ற இடைச் சாக்கெட்டுகள் பழைய சந்தையில் கிடைத்தால் அவற்றை வாங்குவது மேல்.

பின்னாளில் வந்த ஸ்லாட் 1 போர்டுகளுக்கு இவ்வளவு பேச்சுத் தேவையில்லை. பென்டியம் 2 தன் தேவையைத் தானே ஐந்து பின்களால் சொல்லிவிடுகிறது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: 1.65 வோல்ட் கேட்கும் பிற்காலப் பென்டியம் 3 சிப்பை வைக்கும்முன், அந்தப் போர்டின் ரெகுலேட்டர் 1.8-க்குக் கீழே இறங்குமா என்பது. கன்ட்ரோலர் ஐசியின் எண்ணைப் படித்து அதன் தரவுத்தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லாம் நிலைத்தபின் ஒரு துண்டுத் தாளில் போர்டின் திருத்த எண், ஒவ்வொரு ஜம்பர் நிலைக்கும் மீட்டர் காட்டிய அளவு, காலியாகவும் சுமையோடும் வந்த எண்கள், மாட்டிய பவர் சப்ளை, அளந்த தேதி ஆகியவற்றை எழுதிப் பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். கையேடு தொலைந்த போர்டுக்கு அதுதான் இனிக் கையேடு. பவர் சப்ளையை மாற்றும் நாளில் அந்த எண்கள் செல்லாது. திரும்ப அளந்து, பழைய தேதியை அடித்துப் புதியதை எழுத வேண்டும்.